ஓட்டத்தை நிறுத்தாத பழுது

பழைய லாரிகளில் நேரும் பழுதுகளை இரண்டாகப் பகுக்கலாம். முதல் வகை, வண்டியை நிறுத்திவிடுவது. டீசல் ஏறாது, கிளட்ச் பிடிக்காது, டயர் வெடிக்கும். சரக்கு வழியில் நின்றால் வாடகையும் நின்றுவிடும் என்பதால் அதற்குரிய பணம் எப்பாடுபட்டேனும் புரட்டப்பட்டுவிடுகிறது. இரண்டாம் வகை, வண்டியை ஓடவிட்டு ஓட்டுபவரை மட்டும் வருத்துவது. இருக்கையின் ஸ்பிரிங் உடைந்திருக்கும், கதவின் ரப்பர் கிழிந்திருக்கும், பக்கக் கண்ணாடி ஏறாது அல்லது இறங்காது. இவ்வகைப் பழுதைச் சொன்னால், அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்ற விடையே நாடெங்கும் கிடைக்கிறது. அந்த அடுத்த சர்வீஸ் பெரும்பாலும் வருவதில்லை.

கைப்பிடியைச் சுற்றிக் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியைப் பட்டறைகளில் 'விண்டோ மெஷின்' என்பார்கள். பழைய லாரியில் அது கெட்டால் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, அல்லது ஒரு மரத்துண்டைச் செருகிக் கண்ணாடியை நிறுத்திவிட்டு அப்படியே ஓட்டுவதா? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால் லாரியின் கேபின் யாருடைய இடம், அதைச் செம்மையாக வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது. கண்ணாடிப் பொறியை வசதிக்கான பொருளாகக் கருதும் வழக்கம் தவறானது. அது ஓட்டுநரின் பணியிடப் பாதுகாப்புக் கருவி. பிரேக்கும் விளக்கும் பெறும் கவனத்தில் ஒரு பங்கு அதற்கும் உரியது.

குளிரூட்டப்படாத லாரியில் பக்கக் கண்ணாடி செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். எஞ்சின் கேபினுக்குக் கீழேயோ ஓட்டுநரின் அருகிலோ இருக்கும் வண்டிகளில், அதன் வெப்பம் வெளியேற இருக்கும் முதன்மையான வழி அந்தச் சன்னல்தான். மே மாதத்தில் ராஜஸ்தான் சாலைகளில் 'லூ' என்னும் அனல்காற்று வீசும்போது அதே சன்னலை ஏற்றி அடைக்க வேண்டியிருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பஞ்சாப் முதல் பீகார் வரை மூடுபனி படரும்போது கண்ணாடியைச் சற்றே இறக்கினால்தான் உட்புறம் படியும் ஆவி நீங்கும். எதிரே வரும் வண்டியின் ஒலியும் காதில் விழும். தன்பாத்தின் நிலக்கரிச் சாலைகளிலும், ஒடிசாவின் கேந்துஜர் பகுதியில் இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் வழிகளிலும், முன்செல்லும் லாரி கிளப்பும் புழுதியிலிருந்து நுரையீரலைக் காப்பது அந்தக் கண்ணாடியே. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் பருவமழை பெய்யும்போது ஓட்டுநரின் வலக்கை நனைவதும் நனையாதிருப்பதும் அதைப் பொறுத்தது. பின்புறம் பார்க்கும் கண்ணாடியை ஓட்டுநர் பார்ப்பதும் பக்கச் சன்னலின் வழியாகத்தான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் எழுப்பும் குரல் வந்து சேர்வதும் அதன் வழியாகத்தான்.

இரவில் வேறொரு பொருள் சேர்கிறது. நெடுந்தூர லாரி ஓட்டுநருக்குக் கேபின்தான் வீடு. கண்ணாடி இறங்கிய நிலையில் சிக்கிக்கொண்ட வண்டியில் உறங்குபவருக்குத் திருட்டு அச்சம், கொசுக்கடி, குளிர் ஆகிய மூன்றும் உண்டு. ஏறிய நிலையில் சிக்கிக்கொண்டாலோ புழுக்கத்தில் தூக்கமே இல்லை. மறுநாள் அதே கண்கள்தான் நெடுஞ்சாலையில் பல டன் எடையை நடத்திச் செல்கின்றன. ஆகவே கண்ணாடிப் பழுது ஓட்டுநரோடு முடிந்துவிடுவதில்லை. சாலையில் எதிரே வரும் ஒவ்வொருவரும் அதில் பங்குதாரர்.

இவ்வளவு முக்கியமான ஓர் உறுப்பு ஏன் இவ்வளவு அலட்சியப்படுத்தப்படுகிறது? விடையின் ஒரு பகுதி இந்திய லாரியின் வரலாற்றில் இருக்கிறது. 1954இல் டெல்கோ நிறுவனம் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் ஜாம்ஷெட்பூரில் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தியாவில் விற்கப்பட்ட லாரிகளில் பெரும்பகுதி முழு வண்டிகளாக வெளிவரவில்லை. எஞ்சின், சட்டகம், சக்கரங்கள், முன்முகப்பு ஆகியவற்றோடு மட்டும் அவை ஆலையை விட்டுப் புறப்பட்டன. கூரையும் கதவும் இல்லாத சேஸிஸ் மீது தற்காலிக இருக்கையை அமைத்து, முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிச்சென்று சேர்த்தவர்கள் ஓட்டுநர்களே. கேபின் கட்டும் வேலை பஞ்சாபின் சிர்ஹிந்திலும் தமிழ்நாட்டின் நாமக்கல்லிலும் இவைபோன்ற பல ஊர்களிலும் இருந்த பாடி கட்டும் பட்டறைகளிடம் விடப்பட்டது.

அந்தப் பட்டறைகளின் கைத்திறன் பெரிது. ஆனால் அவற்றுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு பட்டறை மரச்சட்டத்தில் நகரும் கண்ணாடியைப் பொருத்தியது. இன்னொன்று சந்தையில் கிடைத்த விண்டோ மெஷினை வாங்கித் தகரக் கதவுக்குள் அடக்கியது. வாடிக்கையாளரான உரிமையாளர் சரக்குப் பெட்டியின் நீளத்தையும் உறுதியையும் பற்றிக் கேட்டார். ஓட்டுநர் அமரும் இடத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை ஓட்டுநருக்கு இல்லை. எஞ்சினுக்கு ஆலையின் உதிரி எண் உண்டு, கதவுக்கு இல்லை என்ற நிலை இவ்வாறு உருவானது. பின்னாளில் ஆலையிலேயே கேபின் பொருத்தப்பட்ட லாரிகள் பெருகின. ஆயினும் எஞ்சின் வண்டியின் பாகம், கேபின் ஓட்டுநரின் பாடு என்ற பழைய மனப்பாங்கு இன்னும் முழுவதும் விலகவில்லை.

இனி, பொறியின் உள்ளமைப்பு. கைப்பிடியின் அச்சில் ஒரு சிறு பல்சக்கரம் இருக்கிறது. அது விசிறி வடிவில் வெட்டப்பட்ட பல்தகடு ஒன்றைச் சுழற்றுகிறது. பல்தகட்டோடு இணைந்த இரும்புக்கை மேலெழுகிறது. கையின் நுனியில் உள்ள சிறு உருளை, கண்ணாடியின் அடிச்சட்டத்தில் அமைந்த தடத்தில் ஓடிக் கண்ணாடியை உயர்த்துகிறது. பல வண்டிகளில் கத்தரிக்கோலைப் போல இரண்டு கைகள் குறுக்காக இணைந்திருக்கும். இரண்டாவது கை, கண்ணாடி ஒருபக்கம் சாயாமல் காக்கும். சுருள்வில் ஒன்று கண்ணாடியின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் கைக்குப் பாரம் குறைகிறது. இவற்றுள் மிக நுட்பமானது கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சிறு வட்டக் கூட்டுக்குள் அடங்கியிருக்கும் பிரேக் ஸ்பிரிங். கைப்பிடியின் பக்கமிருந்து விசை வந்தால் அது சுருங்கி வழிவிடும். கண்ணாடியின் எடையிலிருந்து விசை வந்தால் விரிந்து கூட்டின் சுவரைப் பற்றிக்கொள்ளும். ஆகவேதான் எந்தப் பூட்டும் இல்லாமல், கைவிட்ட உயரத்திலேயே கண்ணாடி நிற்கிறது. மின்சாரம் இல்லை, மின்னணு இல்லை. சுத்தியலும் ஸ்பேனரும் உள்ள எந்தப் பட்டறையிலும் பிரித்துப் புரிந்துகொள்ளத்தக்க எளிய அமைப்பு இது.

எளிய அமைப்பு என்பதால் அதன் நோய்களும் அடையாளம் காணத்தக்கவை. கைப்பிடி வெறுமனே சுற்றிக் கண்ணாடி அசையாதிருந்தால், கைப்பிடியின் உள்வரிகள் தேய்ந்திருக்கக்கூடும். மிகக் குறைந்த செலவில் தீரும் பழுது அது. சுற்றும்போது இடையிடையே 'டக்' என்று நழுவினால் பல்தகட்டின் பற்கள் தேய்ந்திருக்கின்றன. கண்ணாடி சாய்ந்து ஏறினால் உருளை தடத்திலிருந்து விலகியிருக்கிறது அல்லது கைகளை இணைக்கும் ரிவெட் தளர்ந்திருக்கிறது. ஏற்றிவிட்ட கண்ணாடி குலுங்கலில் தானே இறங்கினால் பிரேக் ஸ்பிரிங் போய்விட்டது. பொறி சரியாக இயங்கியும் கண்ணாடி மட்டும் கீழே கிடந்தால், அடிச்சட்டத்தில் கண்ணாடியைப் பற்றியிருந்த ரப்பர் மக்கிக் கழன்றிருக்கிறது.

ஆனால் மிகுதியாகக் காணப்படுவதும் மிகுதியாகத் தவறவிடப்படுவதும் வேறொரு நோய். கண்ணாடியின் இரு ஓரங்களும் ஓடும் ஃபெல்ட் தடத்தில் ஆண்டுக்கணக்கில் மண்ணும் டீசல் கரியும் படிந்து இறுகிவிடுகின்றன. கண்ணாடி நகர மறுக்கிறது. ஓட்டுநர் பலங்கொண்டு சுற்றுகிறார். அந்த மிகை விசை முழுவதும் பற்களின் மீதும் ரிவெட்டுகளின் மீதும் விழுகிறது. இறுதியில் பொறி உடைகிறது. பட்டறையில் உடைந்த பொறியைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறார்கள். இறுகிய தடம் அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் புதிய பொறியும் உடைகிறது. 'இப்போது வரும் சாமான்கள் சரியில்லை' என்ற முடிவோடு, மூன்றாவது முறை மரத்துண்டு செருகப்படுகிறது. சாமானின் மீது சுமத்தப்படும் குற்றத்தில் ஒரு பங்கு நோயறியாமல் செய்த வைத்தியத்தைச் சேரும்.

இதற்கான சோதனை மிக எளிது. பொறியிலிருந்து கண்ணாடியை விடுவித்து, இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் போதும். தடையின்றி நகர்ந்தால் குற்றம் பொறியில் இருக்கிறது. நகர மறுத்தால் குற்றம் தடத்தில் இருக்கிறது. பின்னதெனில், ஃபெல்ட்டையும் ரப்பர் பீடிங்கையும் மாற்றி, கதவின் அடியில் அடைபட்டுக் கிடக்கும் நீர்வடி துளைகளைத் திறந்துவிட்டால் பழைய பொறியே இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். ரப்பரில் சாதாரண கிரீஸைப் பூசுவது தவறு; அது ரப்பரை ஊதச்செய்து மண்ணையும் ஈர்க்கும். தடத்துக்குச் சிலிக்கான் தெளிப்பும், பற்களுக்கு மட்டும் கிரீஸும் ஏற்றவை.

பழுதுபார்ப்பதைப் பற்றிப் பேசும்போது அதைப் புனிதமாக்கிவிடும் பழக்கமும் உண்டு. அதுவும் ஏற்கத்தக்கதன்று. தளர்ந்த ரிவெட்டைத் துளையிட்டு எடுத்து, தோள் உள்ள போல்ட்டும் பூட்டு நட்டும் பொருத்துவது நல்ல பழுதுபார்ப்பு. தேய்ந்த உருளையை மாற்றுவதும் அவ்வாறே. ஆனால் தேய்ந்த பல்தகட்டின் மீது வெல்டிங் வைத்து அரத்தால் பல் செதுக்குவது, பெரும்பாலும் சில வாரங்களுக்கான ஒப்பேற்றல். பல்லின் வடிவம் சரியாக அமையாதபோது அது சிறு பல்சக்கரத்தையும் தின்றுவிடும். அந்நிலையில் மாற்றுவதே நேர்மை. காயலான் கடையிலிருந்து எடுத்துப் பொருத்தும்போதும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இடக்கதவின் பொறியும் வலக்கதவின் பொறியும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பங்கள். ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தாது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் வலக்கதவுப் பொறியே முதலில் தேய்கிறது. ஆகவே பழைய சாமான் கடைகளில் நல்ல நிலையில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் தேவைப்படாத இடப்பக்கத்துப் பொறியாகவே இருக்கும்.

மாற்றும் வேலையில் ஆபத்தும் உண்டு. சுருள்வில் இறுகிய நிலையில் பல்தகட்டை விடுவித்தால், அந்தக் கை கத்தியைப் போலச் சுழன்று விரலைக் காயப்படுத்தும். பிரிப்பதற்குமுன் அடித்தகட்டையும் பல்தகட்டையும் ஒரு போல்ட்டால் பிணைப்பது அறிந்த மெக்கானிக்குகளின் முறை. இதை எழுதிவைத்த கையேடு பட்டறைச் சிறுவர்களின் மொழியில் எங்கும் இல்லை. அவர்கள் இதைக் கற்பது பல நேரங்களில் தழும்பின் மூலமாகவே.

மரத்துண்டையோ ஸ்க்ரூ டிரைவரையோ செருகிக் கண்ணாடியை நிறுத்தும் வழக்கம் ஏன் தீங்கானது என்பதற்கும் காரணம் உண்டு. பக்கக் கண்ணாடி பதப்படுத்தப்பட்ட வகை. அதன் பரப்பு வலுவானது, ஓரம் மென்மையானது. ஓரத்தில் இரும்பு உரசி ஒரு சிறு சில்லு பெயர்ந்தாலும், அடுத்த பெரிய பள்ளத்தில் கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் சிறுமணிகளாகச் சிதறக்கூடும். அந்தக் கணத்தில் ஓட்டுநரின் கவனம் எங்கே போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இங்கு ஒரு மறுப்பு எழும். இக்காலத்தில் மின்விசையில் இயங்கும் கண்ணாடிப் பொறி மலிவாகக் கிடைக்கும்போது, கைப்பிடிப் பொறியைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பது அது. கார்களுக்கு இம்மறுப்பு பொருந்தலாம். கனரக லாரிகளின் மின்னமைப்போ பொதுவாக 24 வோல்ட். சந்தையில் மலிவாகக் கிடைப்பவை காருக்கான 12 வோல்ட் மோட்டார்கள். தொடராக இணைக்கப்பட்ட இரு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஓட்டும் குறுக்குவழி பரவலாக உண்டு. அதனால் இரு பேட்டரிகளும் சமமாக மின்னேற்றம் பெறாமல், நாளடைவில் இரண்டுமே கெடுகின்றன. மேலும், இறுகிய தடத்தில் மனிதக்கை திணறியதைப் போலவே மோட்டாரும் திணறும். கை திணறினால் ஓட்டுநருக்குத் தெரியும். மோட்டார் திணறினால் அது எரிந்த பிறகே தெரியும். பேட்டரி செத்த வண்டியிலும், வெள்ளத்தில் சிக்கிய வண்டியிலும் கைப்பிடி இயங்கும். பழைய லாரிக்கு ஏற்றது எளிய பொறியே. அதைச் சரியாக வைத்திருப்பதுதான் கேள்வி.

இரண்டாவது மறுப்பு பொருளாதாரம் சார்ந்தது, அது வலுவானதும்கூட. இந்தியாவில் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஓரிரு வண்டிகளையே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள். பலர் தாமே ஓட்டுநர்களாகவும் இருப்பவர்கள். டீசல், சுங்கம், டயர், காப்பீடு, கடன் தவணை என்று போன பிறகு மிஞ்சுவது சொற்பம். அவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிப்பது எளிது, நியாயமன்று. ஆனால் அந்தச் சொற்பத்திலிருந்து எதை முதலில் வெட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டியை நிறுத்தும் பழுதுக்குக் கடன் வாங்கியாவது செலவிடப்படுகிறது. ஓட்டுநரை வருத்தும் பழுதின் செலவு ஓட்டுநரின் உடலிலிருந்தே வசூலிக்கப்படுகிறது. அது கணக்குப் புத்தகத்தில் ஏறாததால் செலவே இல்லாததுபோலத் தோன்றுகிறது. தூக்கமின்மை, தோள்வலி, இருமல், கண் எரிச்சல் என்று அது வேறொரு புத்தகத்தில் ஏறிக்கொண்டே இருக்கிறது. உரிமையாளரே ஓட்டுநராக இருக்கும் வண்டிகளிலும் இதே கணக்குத்தான் நடக்கிறது என்பது, இதைத் தனிமனிதரின் இரக்கமின்மையாகக் கொள்ள முடியாது என்பதற்குச் சான்று. வாடகைக்குப் பேரம் பேசும் சரக்கு அனுப்புநரும் இந்தக் கணக்கில் இருக்கிறார். அவர் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் வண்டியின் ஏதோ ஒரு மூலையிலிருந்து குறைகிறது. முதலில் குறைவது கேபின்.

சட்டம் இங்கு என்ன செய்கிறது? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேலை நேரம், ஓய்வு, ஓய்வறை முதலியவற்றைப் பற்றிப் பேசியது. ஆனால் பொதுவாக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களையே அது தழுவியது. ஒரு லாரி, ஓர் ஓட்டுநர், ஒரு கிளீனர் என்று இயங்கும் பெரும்பகுதி அதன் வரம்புக்கு வெளியிலேயே நின்றது. தகுதிச் சோதனையின், அதாவது எப்.சி.யின், கவனம் பிரேக், விளக்கு, புகை, ஸ்டீயரிங் ஆகியவற்றின் மீது இருக்கிறது, அது சரியானதே. கண்ணாடி பாதுகாப்பு வகையைச் சேர்ந்ததா என்பதிலும் அக்கறை உண்டு. 2012இல் உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதைத் தடைசெய்த பிறகு, கண்ணாடியின் வழியே உள்ளே தெரிகிறதா என்பதும் கவனத்துக்கு உரியதாயிற்று. ஆனால் அந்தக் கண்ணாடி ஏறி இறங்குகிறதா என்பது பெரும்பாலும் ஓட்டுநரின் சொந்த விவகாரமாகவே விடப்படுகிறது.

அண்மை ஆண்டுகளின் கொள்கைகள் பழைய லாரியை இரு திசைகளிலிருந்து நெருக்குகின்றன. 2021இல் பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கை வந்தது. 15 ஆண்டுகளைக் கடந்த கனரகச் சரக்கு வாகனத்துக்குத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 12,500 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. மறுபுறம், புதிதாக உருவாகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபின்களில் குளிர்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநரின் வெப்பத்தை அரசு ஒரு பொருட்டாகக் கருதியது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த விதி புதிய வண்டிகளுக்கானது. இன்று சாலையில் இருக்கும் லட்சக்கணக்கான பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். அவற்றை ஓட்டுபவர்களுக்குக் குளிர்சாதனம் என்பது அந்தக் கைப்பிடிதான். உயர்ந்த கட்டணம் செலுத்தித் தகுதிச் சான்று பெறும் வண்டியில் கண்ணாடி மரத்துண்டில் நிற்குமானால், 'தகுதி' என்ற சொல் யாருக்கான தகுதியைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

பழுதுபார்க்கும் உரிமை பற்றிய விவாதமும் இங்கு வந்து சேர வேண்டும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிச்சந்தைக்கும் சுதந்திரமான பட்டறைகளுக்கும் தடையின்றிக் கிடைக்கவில்லை என்பது அதன் அடிப்படை. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான கட்டமைப்பை உருவாக்க ஒரு குழுவை அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதன் பார்வைக்கு உரியனவாகக் கொள்ளப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கான இணையவாயிலும் தொடங்கப்பட்டது. பொதுவெளியில் இவ்விவாதம் பெரும்பாலும் கைபேசித் திரையைச் சுற்றியே நடக்கிறது. லாரிக் கதவுக்குள் இருக்கும் எட்டணா அளவு உருளை அதில் இடம்பெறுவதில்லை. அந்த உருளை தேய்ந்தவருக்குக் கடையில் முழுப் பொறியே நீட்டப்படுகிறது. ஃபெல்ட் கேட்டால் முழுக் கதவுக்கான ரப்பர் தொகுப்பு நீட்டப்படுகிறது. சிறு உறுப்பு தனியே கிடைக்காதபோது, சிறு பழுது பெருஞ்செலவாகிவிடுகிறது, பெருஞ்செலவு தள்ளிப்போடப்படுகிறது, தள்ளிப்போட்டது மரத்துண்டில் முடிகிறது.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. முதலாவது, தகுதிச் சோதனையில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி முழுதாக ஏறி இறங்குவதையும் நின்ற இடத்தில் நிற்பதையும் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்தக் கருவியும் வேண்டியதில்லை. குறை இருந்தால் சான்றை மறுத்து வண்டியை முடக்கத் தேவையில்லை. சரிசெய்து காட்டக் குறுகிய தவணை தரலாம். லஞ்சத்துக்கு இன்னொரு வாயில் திறக்கும் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் கண்ணால் எவரும் காணக்கூடிய குறையில் ஏமாற்ற இடம் குறைவு.

இரண்டாவது, உற்பத்தியாளர்கள் கைப்பிடி, உருளை, பிரேக் ஸ்பிரிங், அடிச்சட்ட ரப்பர், ஃபெல்ட் ஆகியவற்றைத் தனித்தனி உதிரிகளாக, வண்டி உற்பத்தி நின்ற பிறகும் குறிப்பிட்ட காலம்வரை விற்க வேண்டும். பிரிக்கும் முறையை இந்திய மொழிகளில், படங்களோடு ஒரே தாளில் அச்சிட்டு உதிரியோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஒரு விரலையாவது அந்தத் தாள் காப்பாற்றும்.

மூன்றாவது, உரிமையாளர்களும் சங்கங்களும் பழுதுகளை வகைப்படுத்தும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சின் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் இரு கண்ணாடிகளையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது, தடத்தைத் துடைத்துச் சிலிக்கான் அடிப்பது, கதவின் நீர்வடி துளையில் ஒரு கம்பியை விடுவது ஆகிய மூன்றும் வழக்கமாகிவிட்டால் பெரும்பாலான பொறிகள் உடையவே உடையா. ஓட்டுநர் சொல்லும் கேபின் குறைகளுக்கென்று ஒரு சிறு தொகையைப் பயணக் கணக்கிலேயே ஒதுக்கிவைக்கும் உரிமையாளர், நல்ல ஓட்டுநரைத் தக்கவைத்துக்கொள்வார். ஓட்டுநர் கிடைக்கவில்லை என்ற புலம்பல் லாரித் தொழிலில் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. இளைஞர்கள் ஏன் இத்தொழிலுக்கு வர மறுக்கிறார்கள் என்பதற்கான விடையின் ஒரு பகுதி, அந்தக் கேபினுக்குள் ஒரு நாள் அமர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

பழைய லாரியைக் கழிப்பதா, வைத்திருப்பதா என்ற விவாதம் தொடரட்டும். அது முடியும்வரை அந்த லாரி ஓடும். அதற்குள் ஒரு மனிதர் அமர்ந்திருப்பார். அவர் மழை வரும்போது சன்னலை அடைக்கவும், புழுங்கும்போது திறக்கவும் முடிய வேண்டும் என்பது சலுகையாகக் கேட்கப்படுவதன்று. எந்தப் பணியிடத்திலும் இருக்க வேண்டிய குறைந்தபட்சம் அது. வண்டி நிற்கவில்லை என்பதனாலேயே அந்தப் பழுதைப் பழுதில்லை என்று எழுதிவிடக் கூடாது.